சமூகம் மூளைக்குள் இறங்கும் வழிகள்

சமூகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மூளை ஆராய்ச்சியைச் சமூக ஆய்வோடு சேர்க்க முடியுமா? சேர்த்தால் வர்க்கம், இனம், குடும்பம், அதிகாரம் எல்லாம் கடைசியில் நியூரான் கணக்காகச் சுருங்கிவிடாதா? அவருடைய பேராசிரியர்களில் ஒருவர் இதுதான் எதிர்காலத் துறை என்கிறாராம். இன்னொருவர், பழைய மண்டையோட்டு அளவீடு புது வேஷம் போட்டு வந்திருக்கிறது என்கிறாராம்.

சேர்க்க முடியும், சேர்க்கவும் வேண்டும். எந்தத் திசையில் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூளையைக் காட்டிச் சமூகத்தை விளக்கப் புறப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் எனக்குத் திருப்தி தந்ததில்லை. சமூகம் ஒரு மனிதரின் மூளைக்குள் எந்த வழியாக இறங்குகிறது, இறங்கி அங்கே என்ன செய்கிறது என்று தேடிய ஆய்வுகள்தான் இந்த இணைப்பின் பெரிய சாதனை. இப்படி ஓர் ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன்: இதில் மூளையை அளக்காமல் விட்டிருந்தால் நமக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடியது என்ன? அதற்குப் பதில் கிடைத்தால் அந்த ஆய்வு இரண்டு துறைக்கும் சொந்தம். கிடைக்காவிட்டால் வண்ணப் படம் மட்டும்தான் மிச்சம்.

முதலில் அந்த இரண்டாவது பேராசிரியரின் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் மார்ட்டன் அமெரிக்காவில் மண்டையோடுகளைச் சேகரித்து, அவற்றின் கொள்ளளவை அளந்து, இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தினார். 1876-இல் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ, குற்றவாளிகளில் ஒரு வகையினர் பிறவியிலேயே அப்படிப் பிறக்கிறார்கள், உடலமைப்பைப் பார்த்தே கண்டுகொள்ளலாம் என்று எழுதினார். சமூகம் ஏற்கெனவே போட்டுவைத்த படிநிலையை எடுத்துக்கொண்டு, அதை உடலில் கண்டுபிடித்துவிட்டதாக இருவருமே அறிவித்தார்கள். இந்தச் சூழலில்தான் 1895-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம், ஒரு சமூக உண்மைக்கான (வழக்கம், சட்டம், நிறுவனம் போல தனி ஆளுக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்துவதற்கான) காரணத்தை அதற்கு முந்தைய சமூக உண்மைகளில்தான் தேட வேண்டும் என்று விதி வகுத்தார். சமூகவியல் தனித் துறையாக எழுந்து நிற்க அந்த விதி உதவியது. கூடவே, உடல் என்ற பேச்சை எடுத்தாலே ஒதுங்கிக்கொள்ளும் பழக்கத்தையும் அது கொடுத்துவிட்டது.

மூளையியல் பக்கமிருந்து முயற்சி வேகமெடுத்தது 1990-களில். 1992-இல் ஜான் கசியோப்போவும் கேரி பெர்ன்ட்சனும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘சமூக நரம்பியல்’ என்ற பெயர் பரவியது. அதற்கும் முன்பே, 1970-களில், வாரன் டென்ஹவ்டன் என்ற சமூகவியலாளர் ‘நரம்புச் சமூகவியல்’ என்ற பெயரில் பேசத் தொடங்கியிருந்தார். அதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அப்போது குறைவு. முதலாவது பெரும்பாலும் உளவியலாளர்களின் துறை. தனி மனிதர் பிறரைப் பார்க்கும்போது, நம்பும்போது, ஒதுக்கப்படும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று அது கேட்கிறது. இரண்டாவது நிறுவனங்களையும் அமைப்புகளையும் பற்றிக் கேட்க விரும்புகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதில் நல்ல வேலை செய்தவர்கள் பலர் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதே இல்லை என்பதால் தேடிப் பிடிப்பது கொஞ்சம் கடினம்.

சரி, என் கேள்விக்குத் தெளிவான பதில் தரும் உதாரணத்துக்கு வருகிறேன். ஈயம்.

1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜினின் தட்டல் சத்தம் நிற்கும் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் கார்கள் தெருவெங்கும் ஈயத்தைக் கக்கின. பழைய வீடுகளின் பெயின்டிலும் ஈயம் இருந்தது. வலிப்பு, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் ஈய நஞ்சு என்று மருத்துவம் அப்போது கருதியது. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் குழுவினர் பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அவற்றில் இருந்த ஈயத்தை அளந்தார்கள். இரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் குறைந்துவிடும், பல்லில் அது தங்கிவிடும் என்பதால் இந்த வழி. வெளியே எந்த நோயும் தெரியாத பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் பல்லில் ஈயம் அதிகமிருந்தவர்களின் ஐக்யூ மதிப்பெண் குறைவாக இருந்தது. ஈய அளவு தெரியாத ஆசிரியர்களும் அதே பிள்ளைகளைத்தான் கவனம் சிதறுபவர்கள் என்று குறித்திருந்தார்கள்.

விமர்சகர்களின் எதிர்வாதம் எளிமையானது. ஈயம் அதிகமுள்ள வீடுகள் ஏழை வீடுகள், ஏழைப் பிள்ளைகளின் மதிப்பெண் எப்படியும் குறைவாகத்தானே இருக்கும், ஈயத்தை ஏன் குற்றம் சொல்கிறீர்கள்? வெறும் புள்ளிவிவரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த வாதத்தை முழுவதுமாக உடைப்பது கஷ்டம். மூளை ஆராய்ச்சி இங்கேதான் தேவைப்பட்டது. ஈய அயனி கால்சியத்தைப் போல நடித்து நரம்பு செல்லுக்குள் புகுந்துவிடுகிறது. கற்றலுக்கு அடிப்படையான என்எம்டிஏ ஏற்பிகளின், அதாவது நரம்பு செல் செய்தியைப் பெறும் வாயில்களின், வேலையைக் கெடுக்கிறது. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வேறுபாடே இல்லாத ஆய்வக விலங்குகளிலும் இதே பாதிப்பு வந்தது. பிறகு சின்சினாட்டி நகரில், பிறந்ததிலிருந்து இரத்த ஈயம் அளந்துவரப்பட்ட பிள்ளைகள் இருபது வயதை ஒட்டியபோது அவர்களில் 157 பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. சிறுவயதில் ஈயம் அதிகமிருந்தவர்களுக்கு மூளையின் முன்நெற்றிப் பகுதியில் சாம்பல் பொருள் (நரம்பு செல்கள் அடர்ந்த திசு) குறைந்திருந்தது, குறிப்பாக ஆண்களுக்கு. திட்டமிடுவதும் ஆத்திரத்தை அடக்குவதும் பெரிதும் சார்ந்திருக்கும் பகுதி அது.

இதோடு நின்றால் பாதிக் கதைதான். எந்தப் பிள்ளையின் உடலில் ஈயம் ஏறுகிறது? அதற்குப் பதில் மூளைக்குள் கிடையாது. சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அலிக்ஸ் வின்டரும் சிகாகோவில் 1995 முதல் 2013 வரை எடுக்கப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இரத்தப் பரிசோதனைகளைக் குடியிருப்புப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கறுப்பின, ஹிஸ்பானியக் குடியிருப்புகளில் ஈயச் சுமை ஆரம்பத்தில் மிக அதிகம். வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு முழுவதுமாகப் போகவில்லை. இன அடிப்படையில் மக்களைத் தனித்தனியாகக் குடியமர்த்திய நகர வரலாறு பெயின்ட் துகளாகப் பிள்ளைகளின் உடலுக்குள் போயிருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என் மனதை அதிகம் உலுக்கியது இதுதான். அமைப்பு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் ஒன்று எந்த வீட்டில், எந்த வயதில், எந்த ஏற்பியில் போய்ச் சேர்ந்தது என்று இங்கே கடைசி வரை பின்தொடர முடிகிறது.

இந்த அறிவால் என்ன மாறியது? 1960-களில் அமெரிக்காவில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை பெரிய பிரச்சினையாகக் கருதப்படவில்லை. அந்த எல்லை படிப்படியாக இறங்கி 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5 என்று ஆனது. வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோலைக் கடைசியாக விற்ற அல்ஜீரியாவும் 2021-இல் அதை நிறுத்தியது.

இதே அளவு முக்கியமான இன்னொரு கதை ருமேனியாவுடையது. மக்கள்தொகையைக் கூட்ட வேண்டும் என்பதற்காக 1966-இல் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் அரசு கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது. வளர்க்க முடியாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989-இல் ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்த இல்லங்களில் இருந்தார்கள். உணவும் கூரையும் இருந்தன. தூக்கிவைத்துக் கொஞ்சவும் பேச்சுக்கொடுக்கவும் ஆள் இல்லை, இருந்த பணியாளர்களும் நேரக்கணக்குப்படி வந்து போனார்கள்.

2000-ஐ ஒட்டி சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகிய மூவரும் புகாரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் சீட்டுக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி அனுப்பப் போதுமான குடும்பங்களே அப்போது அங்கு இல்லாததால் அந்த ஏற்பாட்டையும் ஆய்வுக் குழுவேதான் உருவாக்கியது. மற்ற பாதியை இல்லத்திலேயே விட்டது சரியா என்ற அறக் கேள்வி உடனே எழும், எழ வேண்டும். இல்லத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இடையில் குடும்பம் கிடைத்தவர்கள் போனார்கள் என்பது அவர்கள் தரப்பு. எனக்கு அது ஓரளவு ஏற்புடையதுதான், முழு மன அமைதி தருவதில்லை.

குலுக்கலில் பிரித்ததால், நல்ல குழந்தைகளைத்தான் குடும்பங்கள் தேர்ந்தெடுத்தன என்று யாரும் சொல்ல முடியாது. நான்கரை வயதில் குடும்பத்துக்குப் போனவர்களின் ஐக்யூ இல்லத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதல். சீக்கிரம் போனவர்களுக்கு லாபமும் கூடுதல். மூளை அளவீடு புதிதாகச் சொன்னது வேறொன்று. எட்டு வயதில், தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்துப் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களின் மின்னலைகள் இல்லத்தையே பார்க்காத பிள்ளைகளுடையதைப் போல இருந்தன. தாமதமாகப் போனவர்களுடையவை இல்லத்தில் தங்கியவர்களுடையதை ஒத்திருந்தன. பிற்பாடு வரும் அன்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. பேச்சு, பற்று, மன அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் கால எல்லை வேறு வேறாகத்தான் வந்தது. ஆனாலும் இரண்டு வயது என்ற எல்லை ஆய்வகத்துக்கு வெளியேயும் முக்கியமாக இருந்தது. இந்த ஈஈஜி முடிவு வரும் முன்பே, 2004-இல் இயற்றப்பட்ட ருமேனியச் சட்டம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை, கடுமையான ஊனம் போன்ற விதிவிலக்குகள் தவிர, இல்லங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது.

ஓர் அரசின் மக்கள்தொகைக் கொள்கை, ஒரு நிறுவனத்தின் பணிநேர அட்டவணை, ஒரு குழந்தையின் மூளை மின்னலை. இந்த மூன்றையும் ஒரே ஆய்வில் கோத்துப் பார்க்க முடியும் என்றால், துர்கைமின் விதியை நாம் மீறவில்லை. சமூகக் காரணம் சமூகத்திலேயேதான் இருக்கிறது. அது பயணம் செய்த தூரம்தான் நமக்குப் புதிதாகத் தெரிகிறது.

பாதிப்பை மட்டுமே சொல்லிக்கொண்டு போனால், சமூகம் மூளைக்குச் செய்வதெல்லாம் கெடுதல் என்று தோன்றிவிடும். வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் ஒரு பகுதி பரிணமிக்க இந்தக் காலம் போதாது. ஆனாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலோருக்கும் இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில் ஏறக்குறைய ஒரே இடம் எழுத்துகளுக்குத் துலங்குகிறது. ஸ்டானிஸ்லாஸ் டெஹானும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் பிரேசிலையும் போர்ச்சுகலையும் சேர்ந்த பெரியவர்கள் 63 பேர் இருந்தார்கள். சிலர் எழுத்தறியாதவர்கள், சிலர் வயது வந்த பிறகு படிக்கக் கற்றவர்கள், மற்றவர்கள் சிறுவயதில் பள்ளிக்குப் போனவர்கள். எழுத்தறியாதவர்கள் திறமைக் குறைவால் விடுபட்டவர்கள் அல்லர். பள்ளி எட்டாத சூழலில் வளர்ந்தவர்கள். படிக்கத் தெரியத் தெரிய அந்த இடத்தின் துலக்கம் கூடியது. முதிர்ந்த வயதில் கற்றவர்களுக்கும் கூடியது. காதில் விழும் பேச்சைக் கையாளும் விதத்திலும் மாற்றம் இருந்தது.

யோசித்துப் பாருங்கள், படித்தவர்களின் மூளையைப் படமெடுத்து இதுதான் மனித மூளை என்று எழுதிய கட்டுரைகள் எத்தனை ஆயிரம். அவற்றில் தெரிந்ததில் ஒரு பகுதி பள்ளி என்ற சமூக நிறுவனத்தின் வேலை. கட்டாயக் கல்விச் சட்டம் இல்லாத உலகில் அந்தப் படங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். சமூகவியலாளர் ஒருவர் மூளையியலாளருக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தியாக நான் இதைத்தான் நினைக்கிறேன்: உங்கள் படத்தில் இருக்கும் இயல்பான மூளை ஒரு குறிப்பிட்ட சமூகம் செய்து அனுப்பிய மூளை.

இனி, எதிர்த் திசையில் போய் வழி தவறிய ஆய்வுகள். அதிகம் பேசப்பட்டது இனமும் அமிக்டலாவும். அமிக்டலா என்பது பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள, மூளையின் உள்ளே இருக்கும் சிறு பகுதி. 2000-ஆம் ஆண்டு எலிசபெத் ஃபெல்ப்ஸ் குழுவினர் வெள்ளை அமெரிக்கர்களுக்கு அறிமுகமில்லாத கறுப்பின முகங்களைக் காட்டினார்கள். தாமே அறியாத இனச் சார்பை அளக்கும் மறைமுகச் சார்பு அளவீட்டில் அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்கு அமிக்டலாவின் துலக்கமும் அதிகமாக இருந்தது. ஆய்வாளர்கள் கவனமாகத்தான் எழுதியிருந்தார்கள். எல்லோரும் அறிந்த, மதிக்கும் கறுப்பினப் பிரபலங்களின் முகங்களைக் காட்டியபோது அந்தத் தொடர்பு காணவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். ஆனால் வெளியே பரவிய சேதி, இனவெறி மூளையில் பிறவியிலேயே பதிந்திருக்கிறது என்பதாக ஆகிவிட்டது.

2005-இல் மேரி வீலரும் சூசன் ஃபிஸ்கும் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்தார்கள். அதே மாதிரி முகங்கள், பார்ப்பவருக்குக் கொடுத்த வேலை மட்டும் வேறு. இவருக்கு 21 வயதுக்கு மேல் இருக்குமா என்று கேட்டபோது, அதாவது ஆளை ஒரு வகைக்குள் போடச் சொன்னபோது, அமிக்டலா வேறுபாடு காட்டியது. இவருக்கு இந்தக் காய்கறி பிடிக்குமா என்று கேட்டபோது, அதாவது அவரைத் தனி ஆளாக நினைக்கச் சொன்னபோது, அந்த வேறுபாடு போய்விட்டது. பிறகு 2013-இல் ஈவா டெல்சர் குழுவினர் 4 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடே இல்லை, வளரிளம் பருவத்தில்தான் தலைகாட்டுகிறது. பல இனத்தவர் கலந்த நண்பர் வட்டம் உள்ளவர்களிடம் அது குறைவு. இந்த ஆய்வுகளில் ஆட்களின் எண்ணிக்கை சிறியது, அதனால் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து ஆணியடித்துப் பேச முடியாது. ஆனால் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. அமிக்டலா இனத்தைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று சமூகம் கற்றுக்கொடுக்கிறதோ அதைக் கவனிக்கிறது.

இங்கே நடந்த பிழைக்கு ஒரு பொது வடிவம் உண்டு. ரஸ்ஸல் போல்ட்ராக் 2006-இல் அதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். பயப்படும்போது அமிக்டலா துலங்குகிறது என்பது உண்மை. அதற்காக, அமிக்டலா துலங்கினால் அந்த ஆள் பயப்படுகிறார் என்று திருப்பிப் போட முடியாது. புதுமைக்கும் ஆவலுக்கும் கூட அது துலங்கும். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர், கணினியில் பந்து எறியும் விளையாட்டில் ஒருவரை வேண்டுமென்றே ஒதுக்கினால் உடல் வலியோடு தொடர்புள்ள பகுதி துலங்குகிறது என்று காட்டினார்கள். அழகான ஆய்வுதான். ஒதுக்கப்படுவதும் அடிபடுவதும் மூளைக்கு ஒன்றே என்று அது பரவியது. 2014-இல் டோர் வேகர் குழுவின் நுணுக்கமான பகுப்பாய்வு, ஒரே பகுதிக்குள்ளேயே இரண்டுக்கும் வெவ்வேறு துலக்க வடிவங்கள் இருப்பதைக் காட்டியது. ஒதுக்கப்படுவது வலிக்கிறது என்பதை ஒதுக்கப்பட்டவர்கள் சொன்னபோதே நாம் நம்பியிருக்கலாம். அதற்கு ஸ்கேன் சான்றிதழ் கேட்கும் மனநிலைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கருவிகளின் எல்லை பற்றி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அறிந்தே ஆக வேண்டும். மூளை இயங்கும்போதே படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் நியூரானை நேரடியாக அளப்பதில்லை, இரத்த ஓட்டத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை அளக்கிறது, அது உச்சத்துக்கு வரச் சுமார் ஐந்து ஆறு விநாடி ஆகும். ஆள் குழாய்க்குள் தனியாக, அசையாமல் படுத்திருப்பார். மனிதர்கள் கூடி வாழ்வதைப் பற்றி அறிய இதைவிடத் தனிமையான இடம் வேறு இருக்காது. 2022-இல் ஸ்காட் மேரெக் குழுவினர், மூளை அமைப்புக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகச் சொல்ல ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும் என்று காட்டினார்கள். முந்தைய ஆய்வுகள் பலவற்றில் இருந்தது இருபது முப்பது பேர். ஈஈஜி மின்முனைகள் அடர்ந்த சுருட்டை முடியில் சரியாக ஒட்டாததால் கறுப்பினத்தவரின் தரவு அதிகமாகக் கழிக்கப்படுவது இன்னும் தீராத பிரச்சினை. யார் அளக்கப்படுகிறார்கள் என்பது சமூகவியல் கேள்வி என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

வறுமைக்கு வருவோம். எனக்கு மிகவும் சிக்கலாகத் தோன்றுவது இந்த இடம்தான். 2015-இல் கிம்பர்லி நோபிள் குழுவினர் 3 முதல் 20 வயது வரையிலான 1,099 பேரின் மூளைப் படங்களைக் குடும்ப வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். வருமானம் கூடக் கூட மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளிப்புற அடுக்கின், பரப்பும் கூடுதலாக இருந்தது. மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களில், சிறிய வருமான வேறுபாட்டுக்கே பெரிய பரப்பு வேறுபாடு தெரிந்தது. இது தொடர்பு மட்டுமே, காரணம் ஆகாது. காரணத்தைத் தேடி அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். குறைந்த வருமானமுள்ள 1,000 தாய்மாரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாதம் 333 டாலரும் மற்றதற்கு 20 டாலரும் நிபந்தனையில்லாமல் கொடுத்தார்கள். 2022-இல் முதல் முடிவு: ஒரு வயதில், அதிகப் பணம் பெற்ற வீட்டுக் குழந்தைகளின் ஈஈஜியில் உயர் அதிர்வெண் அலைகள் கூடுதலாக இருக்கலாம். பத்திரிகைகள் கொண்டாடின. புள்ளிவிவரத் திருத்தங்களுக்குப் பிறகு அந்த வேறுபாடு பலவீனமானது என்று கட்டுரையே சொல்லியிருந்தது. நான்கு வயதில் பார்த்தபோது இரு பிரிவுக்கும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை.

இதைக் கேட்டதும் சிலர், பார்த்தீர்களா, பணம் கொடுத்துப் பயனில்லை என்றார்கள். ஒரு குழந்தைக்குப் போதிய உணவும் நிம்மதியான வீடும் வேண்டும் என்பதை நியாயப்படுத்தும் பொறுப்பை அதன் மூளை அலைகளின் தலையில் கட்டினால் நடப்பது இதுதான். அடுத்த அளவீட்டில் அலை மாறாவிட்டால் உதவியும் தேவையற்றதாகிவிடும். வறுமையால் மூளை சிறுத்தது என்ற வாசகத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏழைப் பிள்ளை என்றாலே பழுதான பிள்ளை என்று ஆசிரியர் ஒருவர் எடுத்துக்கொண்டால், லொம்ப்ரோசோ பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடுவார். நோபிளின் தரவிலேயே ஏழைக் குடும்பப் பிள்ளைகள் பலரின் புறணிப் பரப்பு வசதியானவர்களுடையதைவிடப் பெரிது. சராசரியைத் தனி ஆள்மேல் ஒட்டக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

படிநிலை உடலை வதைக்கும் கதையில், சமூகவியல் மூளையியலுக்குக் கற்றுக்கொடுத்தது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மைக்கேல் மார்மட் பங்கெடுத்த பிரிட்டிஷ் அரசு ஊழியர் ஆய்வு 1967-இல் சுமார் 18,000 ஆண்களோடு தொடங்கியது. மிகக் கீழ்ப் பதவியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவியினரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. எல்லோருக்கும் வேலை இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. அழுத்த ஹார்மோன்கள், அவை நாட்கணக்கில் ஓயாமல் ஓடினால் நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸுக்கு வரும் சேதம் என்று புரூஸ் மெக்யூவன் போன்றவர்கள் காட்டியது இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள உதவியது. அப்படியென்றால் கீழே இருப்பது உயிரியல் விதிப்படியே நோயா? ராபர்ட் சபோல்ஸ்கி கென்யாவில் பின்தொடர்ந்த பபூன் குரங்குக் கூட்டம் ஒன்று இல்லை என்கிறது. 1980-களில் அந்தக் கூட்டத்தின் மூர்க்கமான ஆண்கள், குப்பைக் குழியில் கிடந்த இறைச்சிக்குச் சண்டைபோட்டுத் தின்றதால் காசநோய் வந்து இறந்தன. எஞ்சிய ஆண்கள் சாதுவானவை. கூட்டத்தில் அடிதடி குறைந்தது, கீழ்நிலை ஆண்களிடம் வழக்கமாகத் தெரியும் அழுத்த அறிகுறிகளும் தெரியவில்லை. பழைய ஆண்கள் எல்லாம் மறைந்து, வெளியிலிருந்து வந்த புதியவை மட்டுமே இருந்த காலத்திலும் அந்த அமைதி தொடர்ந்தது. படிநிலை அப்படியேதான் இருந்தது. அதில் கீழே இருப்பதன் அர்த்தம் மாறியது.

மனிதரிடம் இதை எப்படிப் பார்ப்பது? எனக்குப் பிடித்த பதில் 2023-இல் டேவிட் வைஸ்மன், மார்க் ஹாட்சென்பியூலர், கேட்டி மெக்லாக்லின் குழு தந்தது. அமெரிக்காவில் 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பெரிய தரவு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து 17 மாநிலங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, குடும்ப வருமானத்துக்கும் ஹிப்போகேம்பஸ் அளவுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள். வாழ்க்கைச் செலவு அதிகமான மாநிலங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி பெரிது. ஆனால் அதே செலவு மிகுந்த மாநிலங்களிலும், ஏழைக் குடும்பங்களுக்குத் தாராளமாக உதவித்தொகை தரும் இடங்களில் இடைவெளி கணிசமாகக் குறைவு. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் இடைவெளியும் அப்படியே. இதுவும் தொடர்புதான், மாநிலங்கள் வேறு பலவற்றிலும் மாறுபடும். ஆனால் இங்கே மாறி மாறி அளக்கப்படும் காரணி ஒரு மாநில அரசின் உதவித்தொகை விதி. அது சமூகவியலாளரின் களம்.

ஆகவே, கேட்டவருக்கு என் ஆலோசனை. ஸ்கேனர் இயக்கக் கற்றுக்கொள்ள அவசரப்பட வேண்டாம். முதலில் புள்ளிவிவரத்தை, குறிப்பாகப் பல அடுக்குத் தரவைக் கையாளும் முறைகளை, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை ஒரு அடுக்கு, குடும்பம் ஒன்று, குடியிருப்பு ஒன்று, சட்டம் ஒன்று. மூளை வளர்ச்சி பற்றிய அடிப்படைப் பாடம் ஒன்றைப் படியுங்கள், எந்த வயதில் எது மென்மையாக இருக்கிறது என்று தெரியும் அளவுக்கு. அப்புறம் உங்கள் துறையின் பழைய கேள்விகளிலிருந்தே ஒன்றை எடுங்கள்: வாடகை உயர்வால் அடிக்கடி வீடு மாறும் பிள்ளைகள், இரவுப் பணிக்குப் போகும் பெற்றோர், ஒரு பகுதியின் பள்ளி மூடப்பட்டது, ஒரு தொழிற்சாலை வந்தது. ஏற்கெனவே திரட்டி வைத்திருக்கும் பெரிய மூளைத் தரவுகளில் முகவரி, ஆண்டு, குடும்ப விவரம் பல நேரம் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பித்து அவற்றைப் பெறலாம். அவற்றை வைத்திருப்பவர்களில் பலருக்கு அந்த வாடகைச் சட்டம் எந்த ஆண்டில், எந்தத் தெருவில் மாறியது என்பது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.